ரஞ்சித்சிங்ஜியின் சரித்திரமும் மட்டை பிடிக்கும் கலையும்

உலகிற் கீர்த்தி பெற்றோர் பலராவர். அவருள் அரசியலாலும் போராலும் புலமையாலும் பெயர் பெற்றவர்களின் சரித்திரங்களை நாம் பாடப் புத்தகங்களிற் பயில்கின்றோம். விளையாட்டினாற் பெயர் பெற்றவர்களின் சரித்திரத்தை அங்ஙனம் பயில்வார் அரியர். ஆயினும், ஒரு கலையை ஒருவர் எவ்வாறு கற்றார், கற்றதனை எவ்வாறு வளர்த்தார், பின்வந்தோர் அதனை எவ்வாறு காத்தனர் அன்றிக் கைவிட்டனர் என்பனவற்றை ஆராயப் புகுவோர்க்கு விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கையும் தக்க பாடமாகும்.

டெஸ்ட் கிரிக்கெட் பந்தயங்களில் மட்டை பிடிக்கும் கலை தரங்குன்றி வருகின்றது என்னும் முறைப்பாடு இக்காலத்தில் எங்கும் கேட்கப்படுகின்றது. அது காரணமின்றி எழுந்ததன்று. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அடிலெய்டு நகரிலே இந்திய அணியின் இரண்டாம் இன்னிங்ஸ் 36 ஓட்டங்களோடு முடிந்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பெங்களூரிலே, நியூஸிலாந்தாருக்கு எதிராக, அவ்வணி 46 ஓட்டங்களுக்குள் அடங்கிற்று. சொந்த நாட்டில் இந்தியர் பெற்ற மிகக் குறைந்த தொகை அதுவே. அத்தொடரின் மூன்று பந்தயங்களிலும் அவர்கள் தோல்வியுற்றனர். 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஜமெய்க்காத் தீவின் கிங்ஸ்டன் நகரில், சோபர்ஸும் ரிச்சர்ட்ஸும் லாராவும் ஆடிய மேற்கிந்தியத் தீவுகளின் அணி 27 ஓட்டங்களில் வீழ்ந்தது. இவற்றைக் கண்டோர் பழங்காலத்து வீரர்களை நினைந்து பெருமூச்செறிவது இயல்பே.

ஆனால் பழங்காலத்தைப் புகழ்தல் எளிது. அக்காலத்தார் எதனாற் சிறந்தனர் என்று அறிதலே அரிது. அதனை அறியும் பொருட்டு, இந்தியருள் முதன்முதல் டெஸ்ட் பந்தயம் ஆடியவரும், இந்நாட்டின் மாகாண அணிகள் ஆண்டுதோறும் போட்டியிடும் கோப்பைக்குத் தம் பெயரை ஈந்தவருமாகிய ரஞ்சித்சிங்ஜியின் வரலாற்றை இங்கே சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

கத்தியவார் தேசத்தில் நவாநகர் என்னும் சமஸ்தானம் இருந்தது. அதன் தலைநகர் ஜாம்நகர். அதனை ஆண்ட மன்னர்கள் ஜாம் சாகிப் என்னும் பட்டம் பூண்டிருந்தனர். அரச குடும்பத்தின் கிளையொன்றில், சரோதர் என்னும் சிற்றூரில், 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ஆம் தேதி ரஞ்சித்சிங்ஜி பிறந்தார். அப்போது ஆண்ட விபாஜி மன்னர் இச்சிறுவரைத் தமக்குப் பின் வாரிசாகத் தெரிந்தெடுத்தார். பின்னர் மன்னருக்கு ஓர் ஆண்மகவு பிறக்கவே அத்தெரிவு நிலைக்கவில்லை. ஆகவே அரசு தம் கைக்கு வரும் என்னும் நம்பிக்கையோடு வளர்ந்த சிறுவர், அதனை இழந்தவராகவே இளமையைக் கழித்தார்.

கல்வியின் பொருட்டு அவர் ராஜ்கோட் நகரில் இருந்த ராஜகுமாரர் கலாசாலைக்கு அனுப்பப்பட்டார். அதன் தலைமையாசிரியர் செஸ்டர் மக்நாட்டன் என்பவர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் பயின்றவர். மாணவரின் அறிவை வளர்ப்பதோடு உடலையும் ஒழுக்கத்தையும் வளர்த்தல் வேண்டும் என்னும் கொள்கையுடையவர். அவரிடமே ரஞ்சித்சிங்ஜி கிரிக்கெட் ஆட்டத்தின் முதற் பாடங்களைக் கற்றார். நாளடைவில் அக்கலாசாலை அணியின் தலைவராகவும் விளங்கினார். 1888-ஆம் ஆண்டில் மக்நாட்டன் அவரைத் தம்முடன் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே திரித்துவக் கல்லூரியைச் சார்ந்த பாதிரியார் ஒருவரின் இல்லத்தில் தங்கி, பின்னர் அக்கல்லூரியிலேயே மாணவராகச் சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜ் வாசம்

இங்கிலாந்தின் பெயர் பெற்ற வீரர்கள் ஆடுவதைக் கண்ட பின்னரே, தாம் அதுவரை கற்றது மிகச் சிறிது என்பது ரஞ்சித்சிங்ஜிக்குப் புலனாயிற்று. ராஜ்கோட்டில் அவரை வெல்வார் இலர். கேம்பிரிட்ஜிலோ, விரைந்து வரும் பந்தின் முன் அவருடைய குறை வெளிப்பட்டது. வேகமான பந்து உடலை நோக்கி வருகையில், வலக்காலை லெக் பக்கமாக இழுத்துப் பந்தின் வழியினின்று ஒதுங்குவது அவர் வழக்கமாயிருந்தது. இது புதிதாக ஆட வருவோர் யாவரிடத்தும் காணப்படுவதே. அச்சத்தினாற் கால் விலகும். கால் விலகவே மட்டை வளையும். மட்டை வளையவே விக்கெட் வீழும்.

இக்குறையைப் போக்குதற்கு டேனியல் ஹேவர்ட் என்னும் பயிற்சியாளர் கையாண்ட உபாயம் மிக எளிது. பயிற்சி வேளையில் ரஞ்சித்சிங்ஜியின் வலக்காலை நிலத்தோடு அசையாவண்ணம் பிணித்துவிட்டார். இனி விலகுதற்கு வழியில்லை. பந்து உடலை நோக்கி வந்தாலும் அதனை நின்றே எதிர்கொள்ளல் வேண்டும். இவ்வாறு நாடோறும் பயின்று வருகையில் ஓர் அற்புதம் விளைந்தது. வலக்கால் கட்டுண்டிருந்தமையால், அவர் இடக்காலைக் குறுக்கே எடுத்து வைத்து, பந்து உடலைக் கடக்கும் தறுவாயில் மணிக்கட்டை மெல்லத் திருப்பி, மட்டையால் அதனைத் தொட்டுத் தமக்குப் பின்புறமாகச் செலுத்தக் கற்றுக்கொண்டார். பந்து வந்த வேகத்தைக் கொண்டே எல்லைக்கோட்டுக்கு ஓடிற்று. பின்னாளில் லெக் கிளான்ஸ் என்று உலகமெலாம் புகழ்ந்த அடி இங்ஙனமே அவர் கையிற் பிறந்தது. அதனை ஆங்கிலேயர் சிலர் கீழைநாட்டு மாயவித்தை என்றே கருதினர். மாயவித்தை அன்று அது. கட்டுண்ட கால் ஈன்ற குழந்தையே அது.

காஞ்சியில் வாழும் நமக்கு இதன் உண்மை எளிதில் விளங்கும். நம் ஊர்க் குழித்தறியிலே நெசவாளர் குழியினுட் கால்களை இறக்கி அமர்கின்றார். அக்கால்கள் மிதிகட்டைகளை விட்டு அப்பால் அசைவதில்லை. கால் நிலைபெற்றமையாலன்றோ கை நாடாவைத் தங்குதடையின்றி எறிகின்றது! கோர்வைச் சேலையிற் கரையும் உடலும் வெவ்வேறு நிறத்தனவாயினும் இழை பிரியாது ஒன்றிநிற்பதை வியக்கும் அயலூரார், அதன் பாவைச் செவ்வைப்படுத்துதற்குச் செலவாகிய பொழுதை அறியார். ஜரிகையின் மினுமினுப்பே அவர் கண்ணுக்குப் புலப்படும். ரஞ்சித்சிங்ஜியின் ஆட்டத்தைக் கண்டோரும் அத்தன்மையரே. அவருடைய மணிக்கட்டின் நெளிவைக் கண்டனர். அதற்கு அடிப்படையாகிய ஆண்டுக்கணக்கான அப்பியாசத்தைக் காணவில்லை.

அவ்வப்பியாசமும் சாமானியமானதன்று. இங்கிலாந்தின் மிகச் சிறந்த பந்து வீச்சாளர்களைப் பொருள் கொடுத்து வரவழைத்து, நாட்கணக்கிற் பந்து வீசச் செய்து பயின்றார். ஓர் அடி செம்மையாக வரும்வரை வேறோர் அடியை நாடாத பொறுமை அவருக்கு இருந்தது.

இத்துணைத் திறமை பெற்றும் கேம்பிரிட்ஜ் அணியில் அவருக்கு இடம் உடனே கிடைக்கவில்லை. இந்தியர் ஒருவரை அணியிற் சேர்த்துக்கொள்ளல் அக்காலத்தில் நினைத்தற்கரிய செயலாயிருந்தது. 1892-ஆம் ஆண்டில் அணித்தலைவராயிருந்த ஜாக்ஸன் என்பவர் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஜாக்ஸன், ஹாக் பிரபுவின் அணியோடு இந்தியாவுக்கு வந்து, இந்தியர் ஆடும் ஆட்டத்தை நேரிற் கண்டார். திரும்பிச் சென்றபின் அவர் மனம் மாறிற்று. 1893-ஆம் ஆண்டில் ரஞ்சித்சிங்ஜி அணியிற் சேர்க்கப்பட்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கிரிக்கெட் விருதாகிய நீலச் சின்னத்தைப் பெற்ற முதல் இந்தியரானார். அவமதிப்பைக் கண்டு ஆட்டத்தைத் துறவாமலும், சினந்து பேசாமலும், அவர் காத்திருந்தார். மைதானத்திற் பந்தின் முன் கற்ற நிலைபேறு மைதானத்திற்கு வெளியிலும் அவருக்கு உதவிற்று என்னலாம்.

மாணவராக அவர் குறையற்றவர் என்று கூறுதற்கில்லை. பட்டம் பெறாமலே சர்வகலாசாலையை விட்டு நீங்கினார். வருவாய்க்கு மிஞ்சிய செலவும் கொடையும் அவரைக் கடனில் ஆழ்த்தின. அக்கடன் சுமை பல்லாண்டுகள் அவரைத் தொடர்ந்து வருத்திற்று. மைதானத்திற் காத்த அடக்கத்தைப் பொருள் விஷயத்தில் அவர் காக்கவில்லை.

டெஸ்ட் பந்தயங்கள்

1895-ஆம் ஆண்டில் அவர் ஸஸெக்ஸ் மாவட்ட அணியிற் சேர்ந்தார். அவ்வணிக்காக லார்ட்ஸ் மைதானத்தில் ஆடிய முதற் பந்தயத்திலேயே முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழவாமல் 77 ஓட்டங்களும், இரண்டாவதில் 150 ஓட்டங்களும் எடுத்தார். அன்று முதல் அவர் பெயர் இங்கிலாந்தின் மூலை முடுக்கெங்கும் பரவிற்று.

மறு ஆண்டு ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்கு வந்தது. அக்காலத்தில் பந்தயம் நடக்கும் மைதானத்தின் நிர்வாகிகளே இங்கிலாந்து அணியைத் தெரிந்தெடுப்பர். லார்ட்ஸ் மைதானத்து முதற் பந்தயத்திற்கு ரஞ்சித்சிங்ஜி அழைக்கப்படவில்லை. இங்கிலாந்திற் பிறவாத ஒருவர் அந்நாட்டுக்காக ஆடலாகாது என்னும் ஆட்சேபம் அங்கே மேலோங்கியது. மான்செஸ்டர் நகரத்தாரோ அவரைத் தெரிந்தெடுத்தனர். ஆஸ்திரேலியர் இசைந்தாலன்றித் தாம் ஆடுவதில்லை என்று அவர் தெரிவிக்க, அவ்வணியின் தலைவர் டிராட் மகிழ்ச்சியோடு இசைந்தார்.

1896-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16-ஆம் தேதி அப்பந்தயம் தொடங்கியது. ஆஸ்திரேலியர் 412 ஓட்டங்கள் குவித்தனர். இங்கிலாந்து 231 ஓட்டங்களில் அடங்கிற்று. அவற்றுள் 62 ரஞ்சித்சிங்ஜியுடையவை. அன்றைய விதிப்படி இங்கிலாந்து உடனே மீண்டும் ஆட நேர்ந்தது. இரண்டாம் நாள் முடிவில் அவர் 41 ஓட்டங்களோடு நின்றார். மூன்றாம் நாட் காலையில், மற்ற வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக வீழ, அவர் உணவு இடைவேளைக்கு முன்னரே 113 ஓட்டங்கள் எடுத்தார். ஒரு டெஸ்ட் பந்தயத்தில் ஒரு நாளின் உணவு இடைவேளைக்கு முன் நூறு ஓட்டங்கள் எடுத்தவர் அதற்கு முன் ஒருவருமிலர். முடிவில் அவர் 154 ஓட்டங்களோடு ஆட்டமிழவாமல் நின்றார். ஏனையோர் துணை போதாமையால் இங்கிலாந்து 305 ஓட்டங்களோடு நின்றது; ஆஸ்திரேலியர் மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வென்றனர். தோல்வியுற்ற பக்கத்திலே தனியொருவர் பெற்ற புகழுக்கு அப்பந்தயம் சிறந்த உதாரணமாகும்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் தேதி, ஹோவ் மைதானத்தில் யார்க்ஷயர் அணிக்கு எதிராக, ஒரே நாளில் இரண்டு இன்னிங்ஸிலும் சதமடித்தார். அவ்வாண்டு முழுவதும் அவர் எடுத்த ஓட்டங்கள் 2,780. கிரேஸ் என்னும் பெருவீரர் 1871-ஆம் ஆண்டில் நிறுவிய 2,739 என்னும் எல்லை, 25 ஆண்டுகளுக்குப் பின் அன்று கடக்கப்பட்டது. 1897-ஆம் ஆண்டில், விக்டோரியா மகாராணியின் ஆட்சி விழாவையொட்டி, கிரிக்கெட் கலையைப் பற்றி ஒரு பெருநூலை வெளியிட்டார்.

அவ்வாண்டின் இறுதியில் ஸ்டாட்டார்ட் தலைமையில் ஆஸ்திரேலியா சென்றார். சிட்னி நகரத்து முதற் பந்தயத்தின்போது தொண்டை நோயாற் படுக்கையிற் கிடந்து எழுந்தவர், ஏழாவது ஆட்டக்காரராக இறங்கி 175 ஓட்டங்கள் எடுத்தார். அதுகாறும் இங்கிலாந்து வீரர் எவரும் டெஸ்ட் பந்தயத்தில் அத்தொகையை எட்டியதில்லை. 1899-ஆம் ஆண்டில் 3,159 ஓட்டங்கள் எடுத்து, ஒரே பருவத்தில் மூவாயிரத்தைக் கடந்த முதல்வரானார். 1900-ஆம் ஆண்டிலும் 3,065 ஓட்டங்களால் அதனை மீண்டும் கடந்தார்.

இவை யாவும் பலர் அறிந்தவை. இவற்றினும் நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் வேண்டுவது வேறொன்று. 1899-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நாட்டிங்ஹாம் நகரத்து டெஸ்ட் பந்தயத்தின் இறுதி நாளில், இங்கிலாந்து தோல்வியின் விளிம்பில் நின்றது. கிரேஸுக்கு அதுவே கடைசி டெஸ்ட் பந்தயம். வெற்றிக்கு வழியே இல்லை. வீழாமல் நிற்பதொன்றே வழி. அணி 155 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளை இழந்து நிற்க, ரஞ்சித்சிங்ஜி 93 ஓட்டங்களோடு இறுதிவரை நின்று தோல்வியைத் தவிர்த்தார். மூன்றாண்டுகளுக்கு முன் மான்செஸ்டரில் ஒரு காலையிற் புயலென அடித்தவரும், இங்கே பாறையென நின்றவரும் ஒருவரே. அடித்தாடத் தெரிந்தவர் என்று அவரை நினைவுகூர்வோர் இந்தப் பாறையை மறந்துவிடுகின்றனர்.

தாழ்வும் நேர்ந்தது

பழங்காலத்தார் தோல்வியறியார் என்று எண்ணிவிடலாகாது. 1902-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியருக்கு எதிரான பந்தயங்களில் ரஞ்சித்சிங்ஜி நான்கு இன்னிங்ஸில் எடுத்த ஓட்டங்கள் மொத்தம் 19. கடைசிப் பந்தயத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதன்பின் அவர் டெஸ்ட் பந்தயம் ஆடவுமில்லை. அவர் ஆடிய டெஸ்ட் பந்தயங்கள் 15. எடுத்த ஓட்டங்கள் 989.

அதே ஆண்டில் பர்மிங்ஹாம் நகரில், டிரம்பர் முதலிய மகாவீரர்களைக் கொண்ட ஆஸ்திரேலிய அணி, ரோட்ஸ் என்பவரின் பந்து வீச்சில் 36 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அடிலெய்டில் இந்தியருக்கு நேர்ந்த தொகையும் 36 என்பதைக் கருதுக. ஆகவே, குறைந்த தொகை ஒன்றே கலையின் வீழ்ச்சிக்குச் சான்றாகாது. அக்காலத்தில் ஆடுகளத்தை மழையினின்று முழுதும் மூடிக் காக்கும் வழக்கமில்லை. நனைந்து உலரும் களத்திற் பந்து பாம்பெனச் சீறும். தலைக்கவசமும் இல்லை. அத்தகைய களங்களில் ஆடியும், ரஞ்சித்சிங்ஜி முதல்தரப் பந்தயங்களில் 24,692 ஓட்டங்களும் 72 சதங்களும் எடுத்தார். அவருடைய சராசரி 56-க்கும் மேற்பட்டது.

அரசும் இறுதியும்

1906-ஆம் ஆண்டில் நவாநகரின் இளமன்னர் மக்கட்பேறின்றி இறந்தார். 1907-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரஞ்சித்சிங்ஜி ஜாம் சாகிபாக முடிசூட்டப்பெற்றார். சிறு வயதில் இழந்த அரசு, முப்பத்து நான்காம் வயதில் அவரை வந்தடைந்தது. நோயும் வறட்சியும் வாட்டிய சமஸ்தானத்தில் வீதிகளை அகலப்படுத்தினார். இருப்புப் பாதையை வளர்த்தார். பேடி துறைமுகத்தைச் செப்பனிட்டார். முதல் உலகப் பெரும்போரின்போது பிரான்சு தேசத்தில் சேவை செய்தார். 1915-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வேட்டையின்போது நிகழ்ந்த விபத்தில் வலக்கண்ணை இழந்தார். போருக்குப் பின் சர்வதேச சங்கத்தில் இந்திய சமஸ்தானங்களின் பிரதிநிதியாக அமர்ந்தார். 1920-ஆம் ஆண்டில், 47-ஆம் வயதில், ஒற்றைக் கண்ணோடு ஸஸெக்ஸ் அணிக்காக மீண்டும் மட்டை பிடித்தார். ஓட்டங்கள் மிகச் சொற்பமே. 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2-ஆம் தேதி ஜாம்நகரில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு. இங்கிலாந்தின் கிரிக்கெட்டுக்கு அளித்த உழைப்பில் ஒரு பங்கைத்தானும் இந்தியக் கிரிக்கெட்டுக்கு அவர் அளிக்கவில்லை என்பர். அதில் உண்மையுண்டு. 1930-ஆம் ஆண்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியருக்கு எதிராக 173 ஓட்டங்கள் எடுத்த அவர் தம்பி மகன் துலீப்சிங்ஜியும் இங்கிலாந்துக்காகவே ஆடினார். ஆயினும் விதை விழுந்த நிலம் வீண்போகவில்லை. அவர் மறைந்த சில ஆண்டுகளிலேயே, 1936-37-ஆம் ஆண்டுப் பருவத்தில், நவாநகர் அணி அவர் பெயரால் அமைந்த கோப்பையை வென்றது. ஜாம்நகரிற் பிறந்த வினூ மங்கட், 1956-ஆம் ஆண்டு ஜனவரியில், நம் சென்னை மாநகரிலேயே நியூஸிலாந்தாருக்கு எதிராக 231 ஓட்டங்கள் எடுத்தார். அவரும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்த 413 ஓட்டங்கள் 2008-ஆம் ஆண்டுவரை டெஸ்ட் பந்தயங்களில் எவராலும் கடக்கப்படவில்லை.

ரஞ்சிக் கோப்பையின் முதற் பந்தயமும் நம் சென்னைக்கே உரியது. 1934-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னை அணியும் மைசூர் அணியும் மோதின. கோபாலன் முதற் பந்தை வீசினார். மைசூர் அணி 48-க்கும் 59-க்கும் வீழ, இராம் சிங் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. மட்டை பிடிப்போர் மன்னரின் பெயரால் அமைந்த கோப்பை, மட்டை பிடிப்போரின் வீழ்ச்சியோடு தொடங்கியது ஒரு வேடிக்கையே.

இச்சரித்திரம் உணர்த்துவது

இனி, தொடக்கத்தில் எழுந்த முறைப்பாட்டுக்கு வருவோம். இக்காலத்து வீரர் பழங்காலத்தாரினும் வலிமையிற் குறைந்தவரல்லர், உடற்பயிற்சியில் மிக்கவர், கண்ணும் கையும் அவர்க்குக் கூர்மையானவையே. குறைந்தது யாதெனின், கற்கும் முறையின் வரிசையே. 2003-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இருபது ஓவர் பந்தயம் தோன்றிற்று. 2008-ஆம் ஆண்டில் இந்தியாவில் அதற்கென ஒரு பெரும் போட்டி எழுந்தது. பொருளும் புகழும் ஆங்கே குவிகின்றன. 120 பந்துகளே உள்ள ஆட்டத்தில் ஒரு பந்தைத் தடுத்து நிறுத்துவது நஷ்டமாகும். ஐந்து நாள் ஆட்டத்திலோ அதுவே மூலதனமாகும். ஆகவே இளைஞர் முதலிற் கற்பது உயர்த்தியடிக்கும் வித்தையை. காலை நிலைநிறுத்தும் வித்தை பின்னர்க் கற்கலாம் என்று ஒதுக்கப்படுகின்றது. பின்னர் என்பது பலருக்கு வருவதேயில்லை. பந்து வளையும் காலையிலோ, சுழலும் மாலையிலோ, அக்கல்லாமை வெளிப்படுகின்றது. முன்பு அச்சத்தால் விலகிய கால் இப்போது அவசரத்தால் விலகுகின்றது. விக்கெட் வீழ்வது இரண்டிலும் ஒன்றே.

விரைந்து ஆடுதல் தவறென்று கூறுவாரல்லேம். இங்கிலாந்தார் 2022-ஆம் ஆண்டு ஜூலையில் பர்மிங்ஹாமில் 378 ஓட்டங்களை விரைந்தெடுத்து இந்தியரை வென்றனர். அதனைக் கண்டு களியாதார் யார்? ரஞ்சித்சிங்ஜியும் விரைந்து ஆடியவரே. ஆனால் அவர் விரைவு, நிற்கக் கற்றவரின் விரைவு. நிற்கக் கல்லாதார் விரைவு ஒருநாள் வெற்றி தரினும் மறுநாட் காப்பாற்றாது.

கலை முற்றும் அழிந்ததென்று மனந்தளர்தற்கும் காரணமில்லை. அடிலெய்டில் 36-க்கு வீழ்ந்த அதே இந்திய அணி, ஒரு திங்கள் கழியுமுன், 2021-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி சிட்னியில் தோல்வியின் வாயிலினின்று மீண்டது. சென்னையைச் சேர்ந்த அஸ்வின் 128 பந்துகளையும், காலிற் காயமுற்ற விஹாரி 161 பந்துகளையும் எதிர்கொண்டு வீழாமல் நின்றனர். அஸ்வின் எடுத்தவை 39, விஹாரி எடுத்தவை 23 ஓட்டங்களே. எனினும் அவற்றின் மதிப்பைச் சதங்களும் எட்டா. அதற்கு முன் 2018-19-ஆம் ஆண்டுத் தொடரில், ரஞ்சித்சிங்ஜி மட்டை பிடிக்கக் கற்ற ராஜ்கோட் நகரிலேயே பிறந்த புஜாரா, 1,258 பந்துகளை எதிர்கொண்டு மூன்று சதங்களோடு 521 ஓட்டங்கள் எடுத்தார். ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியா முதன்முறையாகத் தொடரை வென்றது. இவர்களுள் எவரும் மாயவித்தை கற்றவரல்லர். காலை நிலத்தில் ஊன்றக் கற்றவர்கள்.

மாணவ நண்பர்களே! நம் ஊரின் வறண்ட ஏரிப் படுகைகளிலும் வீதி முனைகளிலும் மாலைதோறும் மட்டையும் பந்துமாகக் கூடும் இளைஞர் பலர் ஓங்கியடிக்கப்பட்ட பந்தையே கைதட்டி வரவேற்கின்றனர். தடுக்கப்பட்ட பந்துக்குக் கைதட்டுவாரில்லை. அக்கைதட்டலிலேயே ஒரு தலைமுறையின் கல்வி அடங்கியிருக்கின்றது. நல்ல பந்தொன்றை நேர்மட்டையால் அடக்கி நிறுத்திய சிறுவனையும் பாராட்டும் பழக்கம் நம்மிடம் தோன்றுமாயின், அடியெடுத்து வைக்கும் அடுத்த தலைமுறை வரிசை மாறாது கற்கும். ரஞ்சித்சிங்ஜி அச்சத்தோடு தொடங்கியவர், விலகி ஓடியவர், கட்டுண்டு பயின்றவர். பிறவியிலேயே அமைந்த திறமை என்று உலகம் போற்றியதன் பெரும்பகுதி, இவ்வாறு ஈட்டியதே. ஈட்டியதனை இழத்தல் கூடும். இழந்ததனை மீண்டும் ஈட்டுதலும் கூடும். அதற்கு வேண்டுவது கால் அசையாத பொறுமையே.